உஷார்! நூலக அலமாரியில் செத்துப்போன சட்டங்கள்

நூலகத்தில் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது பொருளடக்கம் அல்ல, அச்சான ஆண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 1860, சாட்சியச் சட்டம் 1872, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973 மூன்றும் 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு விடைபெற்றுவிட்டன. பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று வாயில் நுழையாத பெயர்களோடு புதியவை வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அலமாரியில் பழைய மூன்றும் கெட்டி அட்டையோடு கம்பீரமாக நிற்கின்றன. பத்து ரூபாய் மாத்திரை அட்டையில்கூடக் காலாவதித் தேதி உண்டு. சட்டப் புத்தகத்தின் முதுகில் அது கிடையாது.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். 482 என்ற ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தன்மீது போடப்பட்ட பொய் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர் பழைய நடைமுறைச் சட்டத்தைப் படித்தால், "பிரிவு 482-இன் கீழ் மனு" என்று எழுதிக்கொள்வார். புதிய நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன். வழக்கை ரத்து செய்வதற்கான பிரிவு 528-க்கு நகர்ந்துவிட்டது. இரண்டு சட்டத்திலும் 482 இருக்கிறது, இரண்டும் வேறு வேறு காரியம். கொலைக்கு 302 என்று சினிமா பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் இன்றைக்குக் கொலை 103-இல் இருக்கிறது. அதன் 302, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைப் பற்றியது. 420 என்ற எண்ணே அதில் இல்லை. மொத்தமே 358 பிரிவுகள்தான். மோசடி 318-இல் இருக்கிறது.

பிரிவு எண்ணைத் தவறாகப் போட்டதற்காக மட்டும் ஒருவரின் உரிமை பறிபோகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன, உண்மைதான். ஆனால் அதை நீதிபதி சொல்வதற்கு முன்னால் மனு பதிவுத் துறையின் மேசையைத் தாண்ட வேண்டும். அங்கே திருப்பிக் கொடுத்தால் திருத்தி எடுத்து வர நாள் போகும். அந்த நாட்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

அதற்காகப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட வேண்டியதும் இல்லை. 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த குற்றத்துக்குத் தண்டனை பழைய சட்டப்படிதான். அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணையும் பழைய நடைமுறைப்படியே தொடரும். ஆக, இரண்டு புத்தகமும் தேவை. உங்கள் விவகாரத்துக்கு எது என்பதைத் தீர்மானிப்பது சம்பவம் நடந்த தேதியும் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும்.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாதவர், இருந்த வக்கீல்மீது நம்பிக்கை போனவர், தன் வழக்கில் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர், இவர்கள்தான் நூலகம் தேடிப் போகிறார்கள். போக வேண்டியதுதான். 1896-இல் திறந்த எழும்பூர் கன்னிமாரா ஆகட்டும், 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகட்டும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகட்டும், நம் பணத்தில் நடப்பவை. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். நீதிமன்ற வளாகங்களில் உள்ள வக்கீல் சங்க நூலகங்கள் நமக்கானவை அல்ல. பொது நூலகம்தான் நமக்கு வாசல். அந்த வாசலுக்குள் நுழையும்போது கண்ணைத் திறந்துகொண்டு நுழையுங்கள் என்பதற்குத்தான் இவ்வளவும்.

குற்றச் சட்டம் மாறியதாவது செய்தியில் அடிபட்டது. சத்தமில்லாமல் மாறியவை இன்னும் ஆபத்து. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் தகராறு என்றால் நம் ஊரில் கை தானாக 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தேடும். அது போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், வழக்குப் போகும் இடமே வேறு. நுகர்வோர் சட்டமும் அப்படித்தான். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு, "கம்பெனி மும்பையில் இருக்கிறது, நான் எங்கே போய் வழக்குப் போட?" என்று கைவிட்டவர்கள் உண்டு. 2020 ஜூலையில் நடப்புக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், வேலை பார்க்கும் ஊரிலும் போடலாம். மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய முன்பு 30 நாள், இப்போது 45.

மனைவி கேட்கும் ஜீவனாம்சம் பற்றிய, பழைய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125-ஐ, 2001-க்கு முந்தைய பதிப்பில் படித்தால் வயிறு எரியும். மாதம் 500 ரூபாய் உச்சவரம்பு என்று இருக்கும். அந்த வரம்பை 2001-இல் எடுத்துவிட்டார்கள். பிரிவும் இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 144. பழைய பதிப்பை நம்பி, கேட்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்காமல் மனு எழுதினால் நஷ்டம் யாருக்கு?

சரி, புதுப் பதிப்பு பேர் ஆக்ட் (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) கிடைத்துவிட்டது, இனி கவலையில்லை என்று மூச்சு விடுகிறீர்களா? அடுத்த கண்ணி அதில்தான்.

செக் திரும்பிய வழக்குக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-ஐ இந்த ஆண்டு அச்சான புத்தகத்திலேயே திறந்து பாருங்கள். காசோலையை ஆறு மாதத்துக்குள், அல்லது அது செல்லுபடியாகும் காலத்துக்குள், எது முந்தியதோ அதற்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும் என்று இருக்கும். அவசரத்தில் படிக்கிறவர் கண்ணில் "ஆறு மாதம்" மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுளே மூன்று மாதம். ஆறு மாதம் என்ற சொல் சட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான்காம் மாதம் அந்தக் காசோலையோடு போனால் வங்கி வாங்காது, 138-உம் உதவாது.

அதே வழக்கில் நாட்கணக்கு இன்னும் கறாரானது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் எதிராளி பணம் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவரிடம் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகாரில் தாமதம் என்றால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழி இருக்கிறது. நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி கிடையாது. காசோலைக்கு ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம், அவ்வளவே. ஐந்து சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து பொறுமையாக ஆராய்ச்சி செய்து, ஆறாவது வாரம் நோட்டீஸ் எழுதுகிறவர், சட்டத்தை நன்றாகப் படித்து வழக்கைத் தொலைத்தவர் ஆவார்.

எந்த ஊரில் புகார் கொடுப்பது? 2014 தீர்ப்புத் தொகுப்பைத் திறந்தால் உச்ச நீதிமன்றத்தின் தசரத் ரூப்சிங் ரத்தோட் தீர்ப்பு இருக்கும். மூன்று நீதிபதிகள், தெளிவான வார்த்தைகள்: காசோலை கொடுத்தவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில். அதை நம்பித் திருச்சிக்காரர் டெல்லிக்கு டிக்கெட் எடுக்கக் கூடாது. 2015-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திவிட்டது. உங்கள் கணக்கு வழியாக வசூலுக்குப் போட்ட காசோலை என்றால், உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் ஊர்தான். ஆனால் 2014 தொகுப்பில் அந்தத் தீர்ப்பு அதே கம்பீரத்தோடு இன்னமும் நிற்கிறது. யாரும் வந்து அடித்துவிட்டுப் போகவில்லை.

நுகர்வோர் சட்டத்திலும் இதே கூத்து. மாவட்ட ஆணையத்தின் வரம்பு ஒரு கோடி ரூபாய் என்று சட்டத்தில் இருக்கும். 2021 டிசம்பரில் வந்த விதி அதை 50 லட்சம் ஆக்கிவிட்டது. சட்டத்தை மட்டும் படித்தவருக்கு விதி தெரியாது. விதிப் புத்தகம் வேறு அலமாரியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தீர்ப்புகளைப் படிப்பதில் உள்ள ஆபத்துக்குப் பெண்களின் சொத்துரிமையைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது இல்லை. பிறகு 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு எல்லா மகள்களுக்கும் பங்கு வந்தது. அதற்கப்புறம்தான் குழப்பம். 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. 2018-இல் இன்னோர் இரு நீதிபதி அமர்வு, அதற்கு முன்பே இறந்துபோனவரின் மகள்களுக்கும் பங்கு கொடுத்தது. 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு முடித்து வைத்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டே இல்லை.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். அப்பா 2001-இல் காலமானார். அண்ணன், தம்பி இருவரும் நிலத்தை விற்கப் பார்க்கிறார்கள். அக்கா ஒருவர் நூலகத்துக்குப் போய் 2015 அல்லது 2016 தொகுப்பை எடுக்கிறார். தேடியது அப்படியே கிடைக்கிறது. தன் கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது. "உனக்குப் பங்கு இல்லை" என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இங்கே அவர் படித்ததில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை, அச்சுப் பிழை இல்லை, புரிந்துகொண்டதிலும் தவறில்லை. ஐந்து வருடம் முந்திய அலமாரியில் நின்றார், அதுதான் குற்றம். (2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கிளற முடியாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாதிப் படிப்பு எந்தப் பக்கமும் வெட்டும்.)

மேலே இருப்பதை மட்டும் மேய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்ப்புத் தொகுப்புகளில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே தடித்த எழுத்தில் ஹெட்நோட் இருக்கும். அது நீதிபதி எழுதியது அல்ல, தொகுப்பாசிரியர் எழுதிய சுருக்கம். அதை மேற்கோள் காட்டி வாதாட முடியாது. தீர்ப்பின் உள்ளே போய்ப் பத்தி எண்ணோடு எடுங்கள். அதிலும் எதிர்த் தரப்பு வக்கீலின் வாதத்தைத் தொகுத்துச் சொல்லும் பத்தியை நீதிபதியின் முடிவு என்று எண்ணி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. உங்கள் வாயாலேயே உங்களுக்கு எதிராகப் பேசிவிட்டு வருவீர்கள்.

டெல்லியில் அச்சாகும் மலிவுப் பதிப்புகளில் இன்னொரு வில்லங்கம், மாநிலத் திருத்தங்கள். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் பிரிவு 7-ஏ, அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்காகச் சேர்த்தது. நாடு முழுக்கப் பொதுவான பதிப்பில் அது அடிக்குறிப்பில் எறும்பெழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. ஏழடி, அக்னி என்று மட்டும் படித்துவிட்டு, மாலை மாற்றிக்கொண்ட தன் கல்யாணம் செல்லாதோ என்று ஒரு பெண் நடுங்க வேண்டியதில்லை. "தமிழ்நாடு திருத்தம்" என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். பதிப்பில் அது இல்லையென்றால் வேறு பதிப்பைக் கேளுங்கள்.

சில விஷயங்கள் எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2020 நவம்பரில் ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளை. மனு கொடுத்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில்தான். பேர் ஆக்ட்டை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்தாலும் இது கிடைக்காது.

நூலகத்தில் புத்தகம் தேடச் சோம்பல் பட்டு, செல்போனை எடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் "எனக்குச் சாதகமான பத்துத் தீர்ப்பு கொடு" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கொடுக்கும். வழக்கின் பெயர், ஆண்டு, பக்க எண், எல்லாம் அச்சு அசலாக இருக்கும். வழக்கு மட்டும் இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய வக்கீல்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். சட்டம் படித்தவர்களே விழுந்த குழி அது. பெயர் கிடைத்தால், அந்தத் தீர்ப்பை அதன் மூலத்தில் கண்ணால் பார்க்கும்வரை அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகரிடம் எதைக் கேட்கலாம்? எந்தப் பதிப்பு புதியது, அந்த ஆண்டுத் தொகுப்பு எங்கே, பின்னிணைப்பு வந்திருக்கிறதா, இவற்றைத் தாராளமாகக் கேளுங்கள். அவர் வேலையே அது. "என் கேஸ் ஜெயிக்குமா சார்?" என்று கேட்காதீர்கள். அவர் வக்கீல் அல்ல, சொல்லவும் கூடாது. நூலகத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் கோர்ட் வாசலிலும் வலிய வந்து, "நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், மனு நானே எழுதித் தர்றேன்" என்பவரிடம் மட்டும் பதில்கூடப் பேசாதீர்கள். வழக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகுத் தொழில் குற்றம். வக்கீல்கள் சட்டத்தில் இதற்காகவே 45-ஏ என்ற பிரிவு சேர்ந்திருக்கிறது. அப்புறம், மூலப் பத்திரத்தை நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நகல் போதும். ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடிக்குக் கீழே தாய்ப்பத்திரத்தை மறந்துவிட்டு வந்தால் அதற்கு எந்த அலமாரியிலும் தீர்வு இல்லை.

அலமாரியில் படித்ததைச் சரிபார்க்க இன்று காசு செலவில்லாத வழி இருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு அரசின் இந்தியா கோட் தளம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-எஸ்.சி.ஆர். தளம், 2023 முதல் இலவசம். ஒரு தீர்ப்பு கிடைத்தால் அதன் பெயரையே தேடலில் போட்டு, அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பாருங்கள். "ஏற்க இயலாது", "இனி நல்ல சட்டம் அல்ல" என்ற தொனியில் ஒரு வரி தென்பட்டால் அங்கேயே நில்லுங்கள். தமிழில் மொழிபெயர்த்த தீர்ப்புகளும் கிடைக்கின்றன. புரிந்துகொள்ள அருமை, ஆனால் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் செல்லுபடியாவது ஆங்கில மூலம்தான்.

நூலகங்களை நடத்துகிறவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. கோடிக்கணக்கில் கட்டடம் கட்டும் துறைக்கு, வழக்கொழிந்த சட்டப் புத்தகத்தின் அட்டையில் "இந்தச் சட்டம் இன்ன தேதியில் நீக்கப்பட்டது" என்று ஒரு சிவப்புச் சீட்டு ஒட்ட என்ன செலவாகும்? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். சட்டப் பிரிவு வாசலில், மாறிய சட்டங்களின் பட்டியல் ஒற்றைத் தாளில் தொங்கினாலே பாதி விபத்து நடக்காது. உங்கள் ஊர் நூலகத்தின் ஆலோசனைப் புத்தகத்தில் இதை எழுதிவிட்டு வாருங்கள்.

கெடு நெருங்குகிறது என்று சந்தேகம் வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுங்கள். புரோநோட்டுக்கு மூன்று வருடம், நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் சிவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். இவை எதுவும் நீங்கள் படித்து முடிக்கும்வரை காத்திருக்காது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. போகும்போது நோட்டீஸ் வந்த உறை, அதிலுள்ள அஞ்சல் முத்திரைத் தேதி தெரியும்படி, கையில் இருக்கட்டும். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.